பிச்சாவரத்தில் லைக்கன் பார்க்கப் போனோம்: ஜூனியர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

நான் தாவரவியல் மூன்றாம் ஆண்டு மாணவி. போன ஜனவரியில் எங்கள் வகுப்பு இரண்டு நாள் களப்பயணம் போய் வந்தது. முதல் நாள் பிச்சாவரம் அலையாத்திக் காடு, மறுநாள் பரங்கிப்பேட்டைப் பக்கத்துத் தோப்புகள். இந்த வருஷம் போகப்போகிற ஜூனியர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது.

லைக்கன் என்பது பாசியா, பூஞ்சையா?

இரண்டும் சேர்ந்த குடித்தனம். பூஞ்சை வீட்டைக் கட்டுகிறது, உள்ளே இருக்கும் பாசி சமைக்கிறது. பூஞ்சையால் வெயிலிலிருந்து உணவு தயாரிக்க முடியாது. பாசிக்கோ மொட்டை வெயிலில், காய்ந்த மரப்பட்டையில் தனியாகத் தாக்குப்பிடிப்பது கடினம். சில லைக்கன்களில் பச்சைப் பாசிக்குப் பதிலாக நீலப்பச்சை பாக்டீரியா சமையல் வேலையைப் பார்க்கும்.

இப்படி இரண்டு உயிர்கள் சேர்ந்தது என்று சுவிட்சர்லாந்துக்காரரான சைமன் ஷ்வெண்டனர் 1867-ல் சொன்னபோது, அன்றைய லைக்கன் வல்லுநர்கள் பலர் ஏற்கவில்லை. இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2016-ல் டோபி ஸ்ப்ரிபில் குழுவினர் பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகையைச் சேர்ந்த இன்னொரு பூஞ்சையும் குடியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதனால் தேர்வில் ‘இரண்டு உயிர்கள்’ என்று எழுதினாலும், மனதில் ஒரு கூட்டுக்குடும்பத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியாணியில் போடும் கல்பாசியும் இதுதானா?

ஆமாம். பெயரில்தான் பாசி, பொருளில் லைக்கன். செட்டிநாட்டு மசாலாவில் கருப்பும் சாம்பலுமாக, காய்ந்த இலைச் சருகு மாதிரி இருப்பது பார்மோட்ரீமா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இமயமலைப் பகுதியிலும் மரத்திலிருந்தும் பாறையிலிருந்தும் சேகரித்து விற்பனைக்கு வருகிறது. கிளம்புவதற்கு முந்தைய நாள் மளிகைக் கடையில் பத்து ரூபாய்க்குக் கொஞ்சம் வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து லென்ஸில் பாருங்கள். மேல்பக்கம் வெளிர் நிறம், அடிப்பக்கம் கருப்பு, ஓரத்தில் சுருள். நான் அப்படித்தான் முதல் லைக்கனைப் பார்த்தேன்.

அந்தக் கல்பாசியைத் தேடிப் பிச்சாவரத்தில் அலைய வேண்டாம். அது குளிர்ந்த மலைக்காற்றுக்குப் பழகியது.

அப்படியென்றால் மலைக்குப் போகாமல் கடற்கரைக்கு ஏன்?

எனக்கும் இதே கேள்வி இருந்தது. மலையில் லைக்கன் ஏராளம், பார்க்கவும் அழகு. ஆனால் ‘ஏன் இது இங்கே இருக்கிறது, ஏன் அங்கே இல்லை’ என்று கேட்கப் பழக வேண்டுமென்றால் கடற்கரைதான் நல்ல பள்ளிக்கூடம். ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், எங்கே வரை ஏறும், உப்புக்காற்று எந்தப் பக்கம் அடிக்கும், வெயில் எங்கே விழும் என்பதெல்லாம் இங்கே சில அடி தூரத்துக்குள் மாறிவிடும். லைக்கனுக்கு வேர் கிடையாது, இலைக்கு இருப்பது போன்ற மெழுகுப் பூச்சும் கிடையாது. காற்றில் வருவதும் மழையில் வழிவதும்தான் அதற்குச் சோறும் தண்ணீரும். சுற்றுப்புறம் கொஞ்சம் மாறினாலும் அது உடம்பில் தெரியும்.

கடற்கரைப் பாறையில் கருப்பு, ஆரஞ்சு, சாம்பல் என்று பட்டை பட்டையாக லைக்கன் இருக்கும் என்று படித்தோமே. இங்கே பார்க்கலாமா?

பார்க்க முடியாது. அது பிரிட்டன், ஸ்காண்டிநேவியா போன்ற வடகடல் பாறைக் கரைகளின் படம். அங்கே கடல் தொடும் உயரத்தில் வெருகேரியா என்ற கருப்பு லைக்கன், தாரைப் பூசியதுபோல் ஒட்டியிருக்கும். அதற்கு மேலே அலைத் திவலை தெறிக்கும் இடத்தில் ஆரஞ்சு நிறத்தவை. இன்னும் மேலே, எப்போதாவது உப்புச்சாரல் படும் இடத்தில் ராமலினா போன்ற சாம்பல் நிறப் புதர்கள். தண்ணீரும் உப்பும் குறையக் குறைய ஆட்கள் மாறுகிறார்கள்.

பிச்சாவரமோ வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வண்டல் படிந்த இடம். பாறையே இல்லை. இங்கே அந்தப் பாறையின் வேலையை மரம் செய்கிறது. நிறப் பட்டைகள் அவ்வளவு பளிச்சென்று தெரியாது, ஆனால் கேள்வி அதேதான்: தண்ணீர் எங்கே நிற்கிறது, லைக்கன் எங்கே தொடங்குகிறது? இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் படகில் ஏறிய பத்தாவது நிமிடமே கண் திறந்துவிடும்.

படகில் போய் அப்படி என்ன பார்த்தீர்கள்?

சிதம்பரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் போனால் படகுத்துறை. துடுப்புப் படகு எடுத்தோம். மோட்டார் படகு வேண்டாம், மரத்தருகே நிறுத்தி நிதானமாகப் பார்க்க முடியாது.

வாய்க்காலின் இருபுறமும் சுரபுன்னை, தாங்குவேர்களைச் சேற்றில் ஊன்றி நின்றது. வேரின் கீழ்ப்பகுதியில் சேறு, அதில் ஒட்டிய சிப்பி. அங்கே லைக்கன் சுத்தமாக இல்லை. இந்தப் பக்கம் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் அந்தக் கோடு மரத்தில் அப்படியே தெரிகிறது. ஈரக்கறை முடிந்து, ஒரு சாண் வெறும் பட்டை, அதற்கும் மேலே முதல் வெள்ளைப் புள்ளி. இன்னும் மேலே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பல வட்டங்கள்.

படகு ஓட்டிய அண்ணன் நாங்கள் பார்ப்பதையே பார்த்துவிட்டு, “என்ன பாப்பா, மரத்துக்குத் தேமல் வந்த மாதிரி இருக்குமே, அதையா தேடுறீங்க?” என்றார். அதைவிட நல்ல வருணனையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நம் தோலில் வரும் தேமலுக்கும் காரணம் ஒரு பூஞ்சைதான். ஒரு வித்தியாசம் உண்டு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். அடுத்த வளைவில் எந்த மரத்தில் ‘தேமல்’ அதிகம் என்று அவரே காட்டிக்கொண்டு வந்தார். உங்கள் படகிலும் ஓட்டுபவரிடம் பேச்சுக் கொடுங்கள், அந்த வாய்க்கால்களை அவர்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார்கள்.

எல்லா மரத்திலும் ஒரே மாதிரி இருந்ததா?

இல்லை. பட்டையின் குணம் முக்கியம். தோல் உரிந்து உரிந்து விழும் பட்டையில் மெல்ல வளரும் உயிர் நிலைக்க முடியாது. வழவழப்பான, நிலையான பட்டையில் மெல்லிய லைக்கன்கள் நன்றாகப் பரவும். வெண்கண்டல் மரம் வேரில் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். இலையை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். அந்த உப்பு மழையில் கரைந்து தண்டு வழியே இறங்கினால் கீழே இருக்கும் லைக்கன் என்ன செய்யும்? எங்கள் குழுவில் இதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. இரண்டு நாளில் விடை சொல்லிவிட முடியாது. உங்களில் யாராவது இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

தோப்பில் ஒரே தென்னையின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டோம். நிழல் பக்கத்தில் ஒரு கூட்டம், வெயில் பக்கத்தில் வேறொரு கூட்டம். திசைகாட்டி கொண்டு போகாமல் இருந்தால் இந்தக் குறிப்பு முழுவதும் வீணாகியிருக்கும்.

காலை ஆறு மணிக்கே எழுப்பிவிடுகிறார்களாமே, அவசியமா?

அவசியம்தான். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடமும் இதுதான்.

லைக்கன் தன் உடம்பில் தண்ணீரைக் கட்டுப்படுத்தி வைக்கத் தெரியாத உயிர். காற்று ஈரமாக இருந்தால் நனையும், காய்ந்தால் காயும். காய்ந்ததும் சாகாது, வேலையை நிறுத்திவிட்டுக் கிடக்கும். 2005-ல் இரண்டு வகை லைக்கன்களை ரஷ்ய விண்கலத்தில் அனுப்பி, வெட்டவெளியின் வெற்றிடத்திலும் கதிர்வீச்சிலும் ஏறத்தாழ இரண்டு வாரம் திறந்து வைத்தார்கள். திரும்பி வந்து தண்ணீர் பட்டதும் அவை மறுபடி ஒளிச்சேர்க்கை செய்தன.

பச்சைப் பாசி உள்ள லைக்கனுக்கு மழைகூட வேண்டாம், காற்றிலுள்ள ஈரப்பதமே போதும். நீலப்பச்சை பாக்டீரியா உள்ளவற்றுக்கு அப்படி முடியாது, சொட்டு நீராகக் கிடைக்க வேண்டும். கடற்கரையில் விடியற்காலையில் காற்று ஈரமாக இருக்கும், பனியும் இறங்கும். சூரியன் ஏறிச் சூடு பிடிப்பதற்குள் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அன்றைய சமையல் முழுவதும் நடக்கிறது. பதினோரு மணிக்குப் போனால் நீங்கள் பார்ப்பது தூங்குகிற லைக்கனை.

இதனால் ஒரு தவறும் நேர்ந்தது. காலையில் ஒரு மரத்தில் ‘பச்சை, இலை போன்றது’ என்று எழுதினோம். மதியம் அதே மரத்துக்கு வந்த இன்னொரு குழு ‘வெளிர் சாம்பல், இலை போன்றது’ என்று எழுதியது. இரவு பட்டியலைச் சேர்த்தபோது இரண்டு வகையாகிவிட்டது. நனைந்தால் மேல்தோல் கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருக்கும் பாசியின் பச்சை தெரியும், காய்ந்தால் மறைந்துவிடும். மறுநாள் தண்ணீர் தெளித்துப் பார்த்தபோது சில நொடிகளில் சாம்பல் பச்சையானது, குழப்பம் தீர்ந்தது. நிறத்தை எழுதும்போது பக்கத்தில் ‘நனைந்தது’ அல்லது ‘காய்ந்தது’ என்று கட்டாயம் எழுதுங்கள்.

எந்தெந்த வகைகளைப் பார்க்கலாம்? எப்படிப் பிரித்து அறிவது?

முதலில் உடல் வடிவத்தைப் பாருங்கள். பெயிண்ட் பூசியதுபோல் பட்டையோடு ஒட்டிக்கிடப்பது ஒரு வகை, நகத்தால்கூடப் பிரிக்க வராது. இலைபோல் மடலாக விரிந்து ஓரம் தூக்கியிருப்பது இன்னொன்று. தொங்கும் அல்லது நிமிரும் புதர் போன்றது மூன்றாவது. நம் கரையோரத்தில் ஒட்டிக்கிடப்பவைதான் அதிகம்.

ஒட்டுவகையில் எனக்குப் பிடித்தது கிராஃபிஸ். வெள்ளைப் பரப்பில் கருப்புக் கோடுகள் வளைந்தும் கிளைத்தும் ஓடும். ஓலைச்சுவடியில் மை தடவிய எழுத்து மாதிரி இருக்கும். கிரேக்க மொழியில் எழுதுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது. அந்தக் கோடுகள்தான் பூஞ்சையின் வித்து உண்டாகும் இடம். அதன் உள்ளே இருக்கும் பாசி டிரெண்டிபோலியா. பச்சைப் பாசி இனம்தான், ஆனால் ஆரஞ்சு நிறமி நிறைந்தது. வெப்பமண்டல மரங்களில் தனியாகவும் ஆரஞ்சுத் தூள் போலப் படரும், அதை லைக்கன் என்று எழுதிவிடாதீர்கள். 2001-ல் கேரளத்தில் பெய்த செம்மழை நினைவிருக்கிறதா? அந்தத் தண்ணீரில் இருந்தவை இந்தப் பாசியின் வித்துகள் என்றுதான் அன்றைய அரசு ஆய்வு அறிக்கை சொன்னது.

இலைவகையில் டிரினேரியா, பிக்சின் என்ற இரண்டும் தென்னை, மா, புளி என்று எங்கும் கிடைக்கும். இரண்டும் சாம்பல் வட்டங்கள், வெறும் கண்ணுக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். பிக்சின் கோகோஸ் என்ற வகையின் பெயரே தென்னையிலிருந்து வந்ததுதான். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் கடையில் கிடைக்கிறதல்லவா, அதை இருட்டியபின் அடித்தால் இந்தப் பிக்சின் மஞ்சளாக ஒளிரும், பக்கத்திலிருக்கும் டிரினேரியா மங்கலாகவே கிடக்கும். மேல்தோலில் உள்ள லைக்கக்ஸாந்தோன் என்ற பொருள்தான் காரணம். இரவில் தோப்பில் நாங்கள் டார்ச் அடித்தபோது ஒரு தென்னை முழுக்க மஞ்சள் வட்டங்கள் எழுந்து நின்றன. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

லிட்மஸ் தாளுக்கும் லைக்கனுக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு, அந்த உறவுக்காரரைத் தோப்பில் நேரிலேயே பார்த்தோம். ரோசெல்லா என்ற புதர்வகை. வயதான மாமரத்தில், சாம்பல் நிற நாடாக்களைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. கடற்காற்று படும் இடம்தான் அதற்குப் பிடிக்கும், அதனால் கரையை விட்டு உள்ளே போகப்போகக் காண்பது அரிது.

இந்தப் பேரினத்து லைக்கன்களை அமோனியாவில் ஊறவைத்தால் ஊதாச் சாயம் வரும். பழைய காலத்துச் சாயக்காரர்கள் அமோனியாவுக்காகப் புளித்த சிறுநீரைப் பயன்படுத்தினார்கள். கேனரி தீவுகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போன சரக்கு இது. அமோனியாவோடு காரமும் சேர்த்துப் பக்குவப்படுத்தினால் கிடைப்பதுதான் லிட்மஸ். பள்ளியில் நாம் சிவப்பு, நீலம் என்று முக்கிப் பார்த்தது கடலோர லைக்கனின் சாயத்தில் பிறந்த சோதனையை.

தரையில் விழுந்து கிடந்த ஒரு துணுக்கில், வீட்டில் துணி வெளுக்கும் ப்ளீச்சிங் திரவத்தை ஒரு சொட்டு விட்டோம். உடனே சிவந்தது. லைக்கன் ஆய்வாளர்கள் வகை பிரிக்க இன்றும் இந்தச் சொட்டுச் சோதனையைத்தான் முதலில் செய்கிறார்கள்.

தென்னையில் வெள்ளைத் திட்டு வந்தால் மரத்துக்கு நோய் என்கிறார்களே?

தேமலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தேமல் பூஞ்சை நம் தோலிலிருந்து உணவை எடுக்கிறது. லைக்கன் மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை, அதற்கு நிற்க ஓர் இடம் போதும். அடியில் இருக்கும் நார்கள் பிடிமானத்துக்கு மட்டுமே. நலிந்த மரத்தில் லைக்கன் அதிகம் தெரிவதுண்டு, ஏனென்றால் இலை குறைந்து வெளிச்சம் கூடுகிறது. மரம் நலிந்ததால் லைக்கன் கூடியது, லைக்கனால் மரம் நலியவில்லை. தோப்புக்காரர் யாராவது சுரண்டி எடுக்கக் கிளம்பினால் மரியாதையாக இதைச் சொல்லுங்கள்.

காற்று மாசை லைக்கன் காட்டிக்கொடுக்குமா?

காட்டும். பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தில் லைக்கன்கள் குறைவதைப் பார்த்து, அவை காற்றின் தூய்மையை அளக்கும் கருவி போன்றவை என்று வில்லியம் நைலாண்டர் 1866-லேயே எழுதினார். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு பல வகைகளைக் கொன்றுவிடும், முதலில் போவது புதர்வகை. ஆனால் ‘லைக்கன் இருக்கிறது, அதனால் காற்று சுத்தம்’ என்று அறிக்கையில் எழுதாதீர்கள். பிக்சின் போன்றவை நகரத்துச் சாலையோர மரத்திலும் நன்றாக வளரும். எது இருக்கிறது, எது காணாமல் போனது என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

லைக்கனை யார் சாப்பிடுகிறார்கள்?

பூச்சிகளும் சிற்றுண்ணிகளும். சில அந்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு அதுவே முழு உணவு. மின்சிட்டு தன் கிண்ணக்கூட்டின் வெளியே லைக்கன் துணுக்குகளை ஒட்டிவைக்கும், கூடு கிளையின் முடிச்சு போலத் தெரியும்.

மாதிரி எடுத்து வரலாமா?

கூடாது. பிச்சாவரம் காப்புக்காடு, 2022-லிருந்து ராம்சார் சதுப்புநிலமும்கூட, அதாவது உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலில் சேர்த்த சதுப்புநிலம். வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு குச்சியைக்கூட எடுக்கக் கூடாது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒட்டுவகை லைக்கன்கள் பல, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாகத்தான் எல்லாப் பக்கமும் பரவும். 8 செ.மீ. அகல வட்டம் ஒன்று அந்த வேகத்தில் வளர்ந்திருந்தால் அதற்கு வயது 40. நம்மைவிட மூத்தது. 2004 சுனாமி வந்தபோது அந்த மரத்தில் அது இருந்திருக்கும். அதைப் பேனாக்கத்தியால் சுரண்ட அரை நிமிடம் போதும். எங்களில் ஒருவர் தோப்பில் ஒன்றைச் சுரண்டிவிட்டார். கூட வந்த ஆசிரியர் திட்டவில்லை, இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினார். அதன்பிறகு யாரும் கத்தியை எடுக்கவில்லை.

பழகிப்பார்க்க மாதிரி வேண்டுமென்றால் உங்கள் வீட்டுத் தோட்டத்தில் காற்றில் முறிந்து விழுந்த கிளை போதும். காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூசணம் பிடித்துவிடும்.

என்னவெல்லாம் கொண்டு போக வேண்டும்?

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், படகில் தவறினால் திரும்பாது. தண்ணீர் தெளிப்பான், துணி டேப், திசைகாட்டி, பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஊறும். புகைப்படத்தில் அளவு தெரிய ஒரு சின்ன ஸ்கேல். தொப்பி, குடிநீர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி தோதான காலம்.

ஓர் எச்சரிக்கை. அங்கே தில்லை மரம் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். ஒடித்தால் பால் வரும், அது தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகலாம். அதன் பட்டையை லென்ஸில் பார்ப்பதானால் கிளையை வளைக்காதீர்கள், கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

பெயர் கண்டுபிடிக்க முடியாவிட்டால் மதிப்பெண் குறையுமா?

குறையாது. பூஞ்சையின் வித்துகளை நுண்ணோக்கியில் அளந்து, வேதிச் சோதனை செய்தபிறகே பல வகைகளுக்குப் பெயர் சொல்ல முடியும். இந்தியாவில் 2,000-க்கும் மேற்பட்ட லைக்கன் வகைகள் பதிவாகியிருக்கின்றன, லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் பெரிய சேகரிப்பு இருக்கிறது. நீங்கள் ‘ஒட்டுவகை, வெள்ளை, கருப்புப் புள்ளி, வடக்குப் பக்கம், தரையிலிருந்து 120 செ.மீ.’ என்று சரியாக எழுதினாலே போதும். தப்பான பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

போன வருஷத்து வேலையை நாங்கள் தொடரலாமா?

தயவுசெய்து தொடருங்கள். தோப்பில் ஐந்து மரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நான்கு திசைக்கும் படம் எடுத்திருக்கிறோம், ஒவ்வொரு படத்திலும் ஸ்கேல் இருக்கிறது. மரத்தில் ஆணி அடிக்கவில்லை, அதனால் அடையாளம் கண்டுபிடிக்க வரைபடம் தேவைப்படும். பச்சை அட்டை போட்ட நோட்டு, ஆய்வகத்து இரண்டாவது அலமாரியில், நுண்ணோக்கிப் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது. மூன்றாம் எண் மாமரத்தின் கிழக்குப் பக்கத்துப் படத்தில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே ஒரு விரல் அகல இடைவெளி இருக்கும். முதலில் அதைப் போய்ப் பாருங்கள், அது குறைந்திருக்கிறதா என்று எனக்குச் சொல்லுங்கள்.